பாராட்டு யாருடைய கடன்?

தொண்டு செய்தவரை மேடையேற்றிப் பாராட்டலாமா? பாராட்டினால் அந்தத் தொண்டின் தூய்மை கெட்டுவிடுமா? கும்பகோணத்தில் நான் பொருளாளராக இருக்கும் மாதர் சங்கத்தின் செயற்குழுவில் இந்தக் கேள்வி எழுந்தது. ஆண்டு விழாவில் யாருக்குச் சால்வை போடுவது என்று முடிவு செய்யத்தான் கூடியிருந்தோம். “யாருக்கும் போட வேண்டாம். செஞ்சதைச் சொல்லிக் காட்டினா செஞ்சதே வீண்” என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். அவர் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் அப்படியே நடந்துகொண்டவர் அவர். அதனால் அந்தப் பேச்சை லேசாகத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. நான் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வகுப்பில் தேர்வுக்காக நடத்திய பகுதிகளை இந்தக் கேள்விக்காக மறுபடியும் எடுத்துப் படித்தேன். எனக்குத் துலங்கியதைச் சொல்கிறேன்.

அன்று எங்கள் மனத்தில் இருந்தவர், தெருவில் எல்லோரும் ‘மனு எழுதுற அக்கா’ என்று அழைக்கும் ஒரு பெண்மணி. கணவரை இழந்தவர்; தையல் தைத்துப் பிழைப்பவர். திங்கட்கிழமை காலையில் அவர் வீட்டுக் கதவு பூட்டியிருக்கும். தஞ்சாவூர் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு யாரையாவது அழைத்துக்கொண்டு போயிருப்பார். மற்ற நாள்களில் தாலுகா அலுவலகம், இ-சேவை மையம், வி.ஏ.ஓ. அலுவலகம் என்று அலைவார். தோளில் எப்போதும் ஒரு மஞ்சப்பை. அதற்குள் ஒரு கத்தை வெள்ளைத்தாள், கோந்து, கைநாட்டு வைக்க ஸ்டாம்ப் பேடு, குண்டூசி டப்பா, யாருக்காவது உதவும் என்று ஒரு மூக்குக் கண்ணாடி. இவ்வளவுதான் அவருடைய அலுவலகம்.

அவர் செய்யும் வேலை எவ்வளவு பெரியது என்பது அதற்காக அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். கணவரின் இறப்புச் சான்றிதழில் ஒரு பெயர் இருக்கும். ஆதாரில் அதே பெயர் வேறு எழுத்தில் இருக்கும். ரேஷன் அட்டையில் தலைப்பெழுத்து மாறியிருக்கும். ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு மனுப் போட்ட பெண்ணை, “பேரைச் சரி பண்ணிட்டு வாம்மா” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்தப் பெயரை, எந்த அலுவலகத்தில், எந்தக் காகிதத்தைக் காட்டிச் சரி செய்வது என்று அவளுக்கு யார் சொல்வார்கள்? மாதங்கள் ஓடிவிடும். பல பெண்கள் அந்த இடத்தில்தான் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். இந்த அக்கா அங்கேதான் கூட நிற்கிறார்.

சால்வை என்ற பேச்சு காதுக்கு எட்டியதும் அவர் என்னிடம் வந்தார். “நான் பாட்டுக்குப் போறேன், வர்றேன். இதுக்குப் போயி சால்வையா டீச்சர்?” என்று கேட்டார். மூத்த உறுப்பினர் தத்துவமாகச் சொன்னதை இவர் கூச்சமாகச் சொன்னார். இருவரும் சொன்னது ஒன்றுதான்.

அவர்கள் பக்கம் பெரிய சாட்சிகள் உண்டு. கைம்மாறு எதிர்பார்க்காமல், தக்க இடத்தில், தக்க காலத்தில், தக்கவருக்குக் கொடுப்பதே உயர்ந்த தானம் என்கிறது கீதையின் பதினேழாம் அத்தியாயம். பதிலுக்கு ஒன்றை எதிர்பார்த்துக் கொடுப்பதை அது ஒரு படி கீழே வைக்கிறது. வலக்கை செய்வதை இடக்கை அறியாதபடி தர்மம் செய்யச் சொன்னார் இயேசு. வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதுதான், மறைவாக ஏழைகளுக்குக் கொடுப்பது அதைவிட நல்லது என்கிறது குர்ஆனின் அல்பகரா அத்தியாயம். நம் வள்ளுவர் ஒப்புரவுக்கு மழையை எடுத்துக்காட்டாகச் சொன்னார். மழைக்கு உலகம் என்ன திருப்பிக் கொடுத்துவிட முடியும் என்பது அவர் கேள்வி. எங்கள் சங்கத்தில் எல்லா மதத்துப் பெண்களும் இருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் எல்லோர் வீட்டு வேதமும் ஒரே குரலில் பேசுகிறது.

ஆனால் இதே நூல்களில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கைம்மாறு வேண்டாத ஒப்புரவைப் பாடிய அதே வள்ளுவர், செய்ந்நன்றி அறிதல் என்று தனியே ஓர் அதிகாரம் வைத்தார். மற்ற எந்த அறத்தைச் சிதைத்தவருக்கும் மீள வழி உண்டு, நன்றியைக் கொன்றவருக்கு இல்லை என்ற அளவுக்கு அதில் கடுமையாகப் பேசுகிறார். அதிகாரங்களின் வரிசையைப் பாருங்கள். ஒப்புரவு 22, ஈகை 23, அடுத்து 24 புகழ். அதோடு இல்லறவியல் முடிகிறது. அதற்கு அப்பால் துறவறவியல் தொடங்குகிறது. ஊரோடு ஒன்றாக வாழும் மனிதரின் அறம் கொடுப்பதில் கனிந்து, புகழில் போய் முடிகிறது. புகழ் கெட்ட பொருளாக இருந்திருந்தால் அந்த இடம் அதற்குக் கிடைத்திருக்குமா?

இடக்கைக்குத் தெரியாமல் செய்யச் சொன்ன இயேசுவின் வாழ்விலும் இப்படி ஓர் இடம் உண்டு. பெத்தானியாவில் ஒரு வீட்டில் அவர் உணவருந்திக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து விலையுயர்ந்த பரிமளத் தைலத்தை அவர் தலையில் ஊற்றினாள். வீண் செலவு என்று கூட இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவரோ, நற்செய்தி சொல்லப்படும் இடமெல்லாம் இவள் செய்ததும் இவள் நினைவாகச் சொல்லப்படும் என்றார். அவளாகப் புகழ் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நினைவில் வைக்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார்.

இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன? ஒவ்வொரு கட்டளையும் யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று கேட்டால் முடிச்சு அவிழ்கிறது. எதிர்பார்க்காதே என்பது செய்பவருக்கு. மறக்காதே என்பது பெற்றவருக்கும் பார்த்தவருக்கும். ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவர் எடுத்துப் போர்த்திக்கொள்ளும்போதுதான் குழப்பம் வருகிறது. “அவங்களுக்கே பாராட்டு வேண்டாமாம்” என்று சொல்லி நாம் சும்மா இருந்துவிட்டால், அவருடைய பண்பைக் காட்டி நம்முடைய கடனைத் தள்ளுபடி செய்துகொள்கிறோம்.

புறநானூற்றில் வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், மறுமைப் பயனைக் கணக்கிட்டுக் கொடுப்பவர் இல்லை ஆய், சான்றோர் போன வழி என்பதற்காகவே கொடுக்கிறார் என்கிறார். பயன் கருதாதவர் என்று சொல்லும் அந்தப் பாட்டே ஒரு பாராட்டு. அந்த வார்த்தையை ஆய் தன் வாயால் சொல்லியிருக்க முடியாது. சொன்ன கணமே அது பொய்யாகியிருக்கும். பயன் கருதாத நெஞ்சுக்குச் சாட்சி சொல்ல எப்போதும் இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் வாய் திறக்காவிட்டால், அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது அடுத்த தலைமுறைக்குத் தெரியாமலே போகும்.

இதை எங்கள் பக்கத்து ஊரான திருவாரூர் இன்னும் கடுமையாகச் சொல்லிக் கொடுத்தது. தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடியிருக்கிறார்கள். சுந்தரர் அவர்களை வணங்காமல் நேரே இறைவனிடம் போகிறார். விறன்மிண்டர் என்ற அடியாருக்குப் பொறுக்கவில்லை. அடியாரை மதிக்காத சுந்தரனும் புறம்பு, அவனை ஆண்டுகொண்ட இறைவனும் புறம்பு என்று சொல்லிவிடுகிறார். கோயிலுக்குள் நின்றுகொண்டு கடவுளையே தள்ளி வைக்கும் துணிச்சல்! அந்தக் கண்டனத்துக்குப் பிறகு பிறந்ததுதான் சுந்தரர் அடியார்களைப் பாடிய திருத்தொண்டத்தொகை. அதைத் தொடர்ந்து வந்ததே சேக்கிழாரின் பெரிய புராணம். தொண்டரைக் கடந்து கடவுளிடம் போகக் குறுக்குவழி கிடையாது என்பதுதான் அதன் வேர். குயவரும் வண்ணாரும் வேடரும் அரசரும் அதில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பாராட்டுவது தொண்டருக்கு நாம் செய்யும் உபகாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். திருவாரூர் அதைப் பாராட்டுபவனின் ஆன்மக் கடமையாக வைத்தது.

கடமை என்று ஒப்புக்கொண்டால், அதை எப்படிச் செய்வது என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் மூத்த உறுப்பினரின் அச்சம் முழுக்க நியாயமானது. பல விழாக்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு தையல் மிஷின், அதன்மேல் ஆறேழு பேரின் கைகள், எல்லோர் முகமும் கேமராவைப் பார்த்திருக்க, வாங்கிக்கொள்ளும் பெண் மட்டும் கீழே பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு மைக்கை அவள் கையில் கொடுப்பார்கள். “உன் கஷ்டத்தைச் சொல்லும்மா” என்பார்கள். கணவன் குடித்ததையும் பிள்ளைகள் பட்டினி கிடந்ததையும் அவள் ஊரறியச் சொல்ல வேண்டும், உதவியவரின் பெருமை அப்போதுதான் துலங்கும் என்பதற்காக. இது நன்றி ஆகாது. ஒருத்தியின் மானத்தை எடுத்து இன்னொருத்திக்கு மாலையாகப் போடுவது இது. வறியவர் மறைவாகப் பெற வேண்டும் என்று வேதங்கள் சொன்னதில் கொடுப்பவரின் அகந்தையைப் பற்றிய கவலை மட்டும் இல்லை, பெறுபவரின் முகத்தைப் பற்றிய அக்கறையும் இருக்கிறது. ஆகவே பாராட்டுக்கு நான் வைக்கும் முதல் விதி: பெற்றவரின் துன்பத்தைக் காட்சிப்பொருளாக்காமல் செய்தவரின் வேலையைச் சொல்ல வேண்டும். அவர் எந்தக் காகிதத்தை எங்கே கொண்டுபோய்ச் சரி செய்தார் என்று சொல்லுங்கள். யாருக்காக என்று சொல்ல வேண்டிய தேவை இல்லை.

இரண்டாவது விதி, விடுபட்டவர்களைத் தேட வேண்டும். பெரிய புராணத்தில் வரும் இளையான்குடி மாறனாரின் கதையை எத்தனையோ ஆண்டு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். மழை பெய்யும் இரவு. வாசலில் பசியோடு ஓர் அடியார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. பகலில் வயலில் விதைத்த நெல்லை அள்ளி வரலாமே என்று வழி சொன்னது மாறனாரின் மனைவி. இருட்டில் போய் அவர் வாரிக்கொண்டு வந்த நெல்லை வாசலிலேயே காத்திருந்து வாங்கிக் கழுவியது, வறுத்தது, குத்தியது, சமைத்தது எல்லாம் அந்த அம்மாள்தான். கதையின் முடிவில் இறைவன் மாறனாரை மனைவியோடு சேர்த்தே அழைத்துக்கொள்கிறார். ஆனால் புராணம் மாறனார் பெயரில்தான் இருக்கிறது. அந்த அம்மாளின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. இறைவன் இருவரையும் அழைத்தார். நாம் ஒரு பெயரைத்தான் வைத்திருக்கிறோம்.

சென்னையில் சகோதரி சுப்பலட்சுமி செய்த தொண்டைத் தமிழகம் அறியும். பதினொரு வயதில் மணமாகி விரைவிலேயே கணவரை இழந்தவர். 1911இல் பட்டம் பெற்று, 1912இல் பிராமண இளம் விதவைகளுக்கான இல்லத்தைத் தொடங்கியவர். பின்னாளில் மெரினாவில் உள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அந்தச் சிறுமிகள் தங்கிப் படித்து ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். அரசு 1920இல் அவருக்கு கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தது. 1958இல் பத்மஸ்ரீ வந்தது. இரண்டுக்கும் முழுத் தகுதி உடையவர். அந்த இல்லத்தில் அவருக்குத் துணையாக நின்றவர் அவருடைய சித்தி வாலாம்பாள். அவரும் விதவை. அக்கா மகளின் கனவுக்கு அடுப்படியிலிருந்து தோள் கொடுத்தவர். படிக்க வந்த குழந்தைக்குத் தலை வாரிவிடவும் காய்ச்சலில் பக்கத்தில் உட்காரவும் ஒருவர் இல்லாமல் எந்த விடுதியும் நடக்காது. அந்தப் பணிக்குப் பதக்கம் என்று ஒன்று இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எந்தச் சங்கத்திலும் இதே கதைதான். பேசத் தெரிந்தவர் பெயர் வெளியே வரும். சாயங்காலம் கூடத்தைப் பெருக்கி, பாயைச் சுருட்டி, டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிறவர் பெயர் தீர்மானப் புத்தகத்தில் ஏறாது.

சுந்தரர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். தனியடியார்களைப் பெயர் பெயராகப் பாடிய அவர், ஒன்பது கூட்டத்தாரைத் தொகையடியார் என்று சேர்த்தார். அவர்களுக்குள் தனிப்பெயர் கிடையாது. அதில் ஒரு வகையினர், தமிழ் நாட்டுக்கு அப்பாலும், தம் காலத்துக்கு முன்னும் பின்னும் வாழும் அடியார்கள். இன்னும் பிறக்காதவர்களுக்கும் அவர் வணக்கம் சொல்லிவிட்டார். தனக்குத் தெரிந்த பட்டியல் முழுமையானது இல்லை என்று அறிந்தவர்தான் இப்படிச் செய்ய முடியும். தொண்டைப் பாராட்டும் ஒவ்வொரு மேடையிலும் இந்தத் தெளிவு வேண்டும்.

மூன்றாவது விதியை அப்பூதியடிகளிடம் கற்றேன். திருவையாற்றுக்குப் பக்கத்தில் உள்ள திங்களூர்க்காரர். இன்று சந்திரனைக் கும்பிட அந்த ஊருக்குக் கூட்டம் போகிறது. தண்ணீர்ப் பந்தலுக்காகவும் போக வேண்டிய ஊர் அது. அப்பூதியார் வழிநடப்பவர்களுக்குப் பந்தல் வைத்தார், குளம் வெட்டினார், சோலை வளர்த்தார். எல்லாவற்றுக்கும் திருநாவுக்கரசர் பெயர். பிள்ளைகளுக்கும் அதே பெயர். வீட்டு அளவைகளுக்கும் மாடுகளுக்கும்கூட அதே பெயர். இத்தனைக்கும் அவர் திருநாவுக்கரசரைப் பார்த்ததே இல்லை. வெயிலில் வந்த நாவுக்கரசர் பந்தலில் தன் பெயரைக் கண்டு வியந்து, உங்கள் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று அப்பூதியாரையே கேட்கிறார். எதிரே நிற்பவர் யாரென்று அறியாத அப்பூதியாருக்குக் கோபம் வந்துவிடுகிறது. வேறொருவரா அவர் என்று சீறுகிறார்.

ஒரு தொண்டரை மதித்ததற்கு அப்பூதியார் காட்டிய அடையாளம் என்ன? தாகத்தோடு வருகிற யாருக்கும் தண்ணீர். நாவுக்கரசருக்கு அவர் எதையும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஊருக்கு இன்னொரு தொண்டைச் செய்தார். பாராட்டு இன்னொரு தொண்டாக மாற வேண்டும் என்பதே மூன்றாவது விதி. பாராட்டு முழுமை அடைவது இங்கேதான் என்று நினைக்கிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, போக்கிடம் இல்லாத தேவதாசிக் குலத்துச் சிறுமிகளுக்காக 1930இல் இல்லம் தொடங்கியபோது அதற்கு ஔவை என்று பெயர் வைத்தார். சுப்பலட்சுமியின் நிறுவனங்கள் சாரதையின் பெயரைத் தாங்கின. இருவரும் தமக்கு முன்னே இருந்த ஒரு பெரும்பெயரைத் தலைமேல் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். அப்பூதியாரின் வழி அது.

இவ்வளவையும் நான் செயற்குழுவில் எடுத்துச் சொன்னேன். மூத்த உறுப்பினர் பொறுமையாகக் கேட்டார். “சரி, பாராட்டினா ஆசை வளருமே, அடுத்த வருஷம் பாராட்டுக்காகவே செய்வாங்களே?” என்றார். வளரலாம். மறுக்கவில்லை. ஆனால் யாரும் கண்டுகொள்ளாத தொண்டு பாதியில் நின்றுபோவதையும் நாம் பார்க்கிறோமே. ஆசைப்பட்டுவிடுவாரோ என்று பயந்து ஒருவரைத் தனியே தூக்கிச் சுமக்க விடுவது என்ன நியாயம்? தன் நெஞ்சைக் காத்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது. அவர் தோளைக் காக்கும் பொறுப்பு நம்முடையது.

அந்த ஆண்டு விழாவில் அக்காவுக்குச் சால்வை போட்டோம். அதை அவர் மறுக்கவில்லை. எனக்கு அதில் நிறைவு. ஆனால் எங்கள் பாராட்டு சால்வையோடு நிற்கவில்லை. மூன்று தீர்மானங்கள் போட்டோம். அவர் கைக்காசில் செய்துவந்த ஜெராக்ஸ் செலவும் ஆட்டோச் செலவும் இனிமேல் சங்கக் கணக்கில். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாலும், முடியாத வயதில் ஒருவரை அழைத்துப் போக ஆட்டோ இல்லாமல் ஆகாது. அடுத்து, படித்த இளம்பெண்கள் இருவர் அவரோடு அலுவலகங்களுக்குப் போய் வேலையைக் கற்றுக்கொள்வது. மூன்றாவது, எந்த மனுவுக்கு என்னென்ன காகிதம், எந்த அலுவலகம், எங்கே சிக்கும், சிக்கினால் யாரைப் பார்ப்பது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி வைப்பது. அந்த எழுத்துவேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் பக்கத்தில் பெயர்த் திருத்தம் இருக்கிறது. சான்றிதழ் வகை வகையாகத் தனித்தனிப் பக்கம். அக்கா ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, “எழுதிட்டீங்களா டீச்சர்? எங்க, படிச்சுக் காட்டுங்க” என்று கேட்டு, சரி பார்த்த பிறகுதான் அடுத்ததற்குப் போவார்.

கூடத்தைப் பெருக்குகிறவர், சமைக்கிறவர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர் பெயர்களும் இப்போது ஆண்டறிக்கையில் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே, பெயர் விடுபட்ட எல்லோருக்கும் சங்கத்தின் வணக்கம் என்று ஒரு வரி சேர்த்தோம். அந்த வரியை எழுதச் சொன்னவர், யாருக்கும் சால்வை வேண்டாம் என்று முதலில் சொன்ன அதே மூத்த உறுப்பினர்.

எதிர்பார்க்காமல் செய்வது அறம் என்றால், எதிர்பார்க்காதவரைத் தேடிப்போய் மதிப்பதும் அறம். முன்னது செய்பவர் தன் மனத்தோடு முடித்துக்கொள்ள வேண்டியது. பின்னது ஊர் கூடிச் செய்ய வேண்டியது. கைதட்டலில் அது தொடங்கலாம், தவறில்லை. அவர் சுமையில் ஒரு பங்கு நம் தோளுக்கு மாறும் வரை நம் கடன் தீரவில்லை என்பதை மட்டும் ஒவ்வொரு சங்கமும் தன் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.